வீடு கட்டும்போது காதில் விழும் மின்சாரச் சொற்கள்: கிலோவாட் முதல் யூ-வேல்யூ வரை

கேள்வி இதுதான். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் 1,000 சதுர அடியில் கான்கிரீட் வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. எலெக்ட்ரீசியன் "லோடு 8 கிலோவாட் வரும், மும்முனை வாங்கிடுங்க" என்கிறார். ஏசி கடைக்காரர் "ஒன்றரை டன், ஃபைவ் ஸ்டார்" என்கிறார். சோலார் போடுகிறவர் "3 கிலோவாட் போதும்" என்கிறார். இன்வெர்ட்டர் கடையில் விஏ, ஏஎச் என்று பேசுகிறார்கள். இன்ஜினியர் யூ-வேல்யூ என்று ஏதோ சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதற்கு நடுவே வயலில் அப்பாவின் 5 எச்பி மோட்டாரில் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுற்று, அடிக்கடி கருகுகிறது. இவற்றுக்கெல்லாம் என்ன பொருள், கையில் இருக்கிற பணத்தை எதில் முதலில் போடுவது?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடியில் போடுங்கள். ஏசி, இன்வெர்ட்டர், சோலார் எல்லாம் அதற்கு அப்புறம்தான். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் வீட்டு வயரிங்கும் அரிசி மில் வேலையும் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறேன். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது இந்தச் சொற்கள் புரிந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கிலோவாட்டையும் யூனிட்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு சாதனம் எவ்வளவு வேகமாக மின்சாரத்தைச் செலவழிக்கிறது என்பதை வாட் சொல்கிறது. 1,000 வாட் ஒரு கிலோவாட். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் செலவானது ஒரு யூனிட். பில் வருவது யூனிட்டுக்குத்தான். இது தெரியாததால்தான் வீட்டில் கெய்சரைக் கண்டு பயப்படுகிறோம், பேனை மறந்துவிடுகிறோம். கெய்சர் 2,000 வாட்தான். ஆனால் 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடாக்க அதற்குப் பத்து, பதினோரு நிமிஷம் போதும். செலவு ஏறத்தாழ 0.35 யூனிட். பழைய சீலிங் பேன் 75 வாட்தான். அது ஒரு நாளில் 20 மணி நேரம் சுற்றினால் 1.5 யூனிட், அதாவது கெய்சரைப் போல நான்கு மடங்கு. நம் ஊரில் பேன் நிற்கிற மாதமே கிடையாது.

அதனால் புது வீட்டுக்கு பிஎல்டிசி பேன் (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்தது) வாங்குங்கள். அதே காற்றை 30 வாட் சுமாருக்குத் தரும். நான்கு பேன், ஒவ்வொன்றும் தினம் 15 மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 2.7 யூனிட் மிச்சம், இரண்டு மாதத்துக்கு 160 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு எடுக்கிறார்கள், முதல் 100 யூனிட் இலவசம். மேலே போகப்போக யூனிட் விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். அதனால் நீங்கள் மிச்சம் பிடிக்கிற யூனிட், விலை அதிகமான மேல்படியிலிருந்துதான் குறைகிறது. பேன் கணக்கு சின்னக் கணக்கு இல்லை.

வீட்டில் எது எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன், செலவே இல்லை. இபி டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் 3200 இம்ப் என்றோ 1600 என்றோ அச்சடித்திருப்பார்கள். 3200 என்றால் அந்த விளக்கு 3,200 தடவை மின்னினால் ஒரு யூனிட் ஓடியதாகப் பொருள். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 16 தடவை மின்னினால், 16-ஐ 60-ஆல் பெருக்கி 3,200-ஆல் வகுத்தால் 0.3 வரும். அந்த நேரத்தில் வீடு 300 வாட் இழுக்கிறது. இப்போது வீட்டுக்குள் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுத் திரும்ப வந்து பாருங்கள். அப்போதும் மின்னினால், செட்டாப் பாக்ஸ், வைஃபை, சார்ஜர் ஏதாவது பிளக்கில் இருக்கிறது, அல்லது எங்கோ லீக்கேஜ் இருக்கிறது. புது வீட்டில் வயரிங் முடிந்ததும் இந்தச் சோதனையை ஒருமுறை கட்டாயம் செய்யுங்கள்.

ஊரையே எடுத்துக்கொண்டாலும் இதே கணக்குதான். உங்களுக்குப் பக்கத்தில் திருமக்கோட்டை கோவில்களப்பாலில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறதே, அது சுமார் 108 மெகாவாட். காவிரிப் படுகையில் கிடைக்கிற எரிவாயுவில் ஓடுவது. முழு வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 1 லட்சத்து 8 ஆயிரம் யூனிட் தரும். எரிவாயு குறைந்த நாளில் அவ்வளவு வராது, ஆனாலும் பெயரில் இருக்கிற 108 அப்படியே இருக்கும். மேட்டூர் அணையடி மின்நிலையமும் அப்படித்தான், 50 மெகாவாட் என்பது தண்ணீர் திறந்திருக்கும்போது. சோலார்காரர் "3 கிலோவாட்" என்று சொல்லும்போதும் இதை நினைவில் வையுங்கள். அது உச்சி வெயிலில் கிடைக்கக்கூடிய வேகம். ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் என்பது வேறு கேள்வி, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்து வோல்ட், ஆம்பியர். நம் ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம், ஆற்றுப் பாசனத்திலேயே வளர்ந்தவர்கள். தலைமடையில் தண்ணீர் மட்டம் உயர்ந்து நிற்கும், கடைமடைக்குப் போகும்போது இறங்கிவிடும். வழியில் எத்தனை பேர் மடை திறந்திருக்கிறார்களோ அத்தனைக்கு இறங்கும். வோல்டேஜ் என்பது அந்த மட்டம், ஆம்பியர் என்பது ஓடுகிற அளவு. இரண்டையும் பெருக்கினால் வாட், மோட்டார் மாதிரியான சாதனங்களுக்குக் கொஞ்சம் திருத்தம் உண்டு, அது பின்னால் வருகிறது. டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீட்டில் 230 வோல்ட் நிற்கும். லைனின் கடைசியில் உள்ள போர்வெல்லில், எல்லோரும் மோட்டார் போட்ட நேரத்தில் அது கிடைக்காது.

அப்பாவின் மோட்டார் கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். 5 எச்பி என்பது அச்சில் கிடைக்கும் வேலை, 3.73 கிலோவாட். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் லைனிலிருந்து நாலரை கிலோவாட் இழுக்கும். மும்முனை என்றால் மூன்று கரண்ட் கம்பி, ஒவ்வொன்றும் ஒரு பேஸ். மும்முனையில் 415 வோல்ட் கிடைத்தால் ஒவ்வொரு பேஸிலும் சுமார் 7.5 ஆம்பியர். வோல்டேஜ் 350-க்கு இறங்கினால் தூக்க வேண்டிய தண்ணீர் அதேதான் என்பதால் மோட்டார் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ளும், 9-க்குப் பக்கத்தில் போய்விடும். காயிலில் உண்டாகும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 7.5 எங்கே, 9 எங்கே என்று தோன்றும், ஆனால் சூடு 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். குறுவை நாற்றுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று மேட்டூர்த் தண்ணீர் வந்து சேருவதற்கு முன்னால் எல்லாரும் போரையே நம்பி ஓட்டுகிற நாட்களில், இந்தச் சூட்டில் மணிக்கணக்காக ஓடுகிற காயில் எத்தனை நாள் தாங்கும்?

இன்னொரு காரணமும் உண்டு. மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உறுமிக்கொண்டே மிச்சம் இரண்டில் இழுக்கும். சில நிமிஷங்களில் கருகும். இதற்குத்தான் பேனல் பெட்டியில் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் வைப்பது, ஒரு பேஸ் போனதும் அது மோட்டாரை நிறுத்திவிடும். பல ஊர்களில் கெப்பாசிட்டரைக் கட்டி இரண்டு பேஸிலேயே மும்முனை மோட்டாரை ஓட்டுகிறார்கள். பயிர் காய்கிறதே என்கிற தவிப்பில் செய்வதுதான், எனக்குப் புரிகிறது. ஆனால் மோட்டார் அதில் சமமாக இழுக்காது, ஒரு காயில் மட்டும் அதிகமாகச் சூடேறும், லைனும் கெடும், பக்கத்து வயல்காரருக்கும் வோல்டேஜ் இறங்கும். ரீவைண்டிங்குக்கு மறுபடி மறுபடி கொடுக்கிற காசில், ஓவர்லோடு ரிலே (ஆம்பியர் மிகுந்தால் மோட்டாரை நிறுத்துவது), பிரிவென்டர், வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர் நாலும் வைத்த நல்ல பேனல் வாங்கிவிடலாம். ரிலேயை உங்கள் மோட்டார் பிளேட்டில் எழுதியிருக்கும் ஆம்பியருக்குத் திருப்பி வையுங்கள். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதை மேலே ஏற்றிவைப்பது மோட்டாரைக் கொல்லும் வேலை.

வீட்டுக்கு மும்முனை வேண்டுமா என்று கேட்டால், லோடு என்று எலெக்ட்ரீசியன் சொல்வது எல்லா சாதனத்தின் வாட்டையும் கூட்டிய தொகை. அதற்குத்தான் மின்பளு என்று விண்ணப்பத்தில் பெயர். கெய்சர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி, மோட்டார் நாலும் ஒரே நேரத்தில் ஓடுவது அபூர்வம்தான். ஆனால் ஏசியும் வீட்டு போரும் வரும் என்றால் மும்முனையே நல்லது. லோடு மூன்று பேஸிலும் பிரிந்துவிடும். ஒரு பேஸ் போனாலும் பேனும் விளக்கும் மற்றதில் ஓடும்.

வயரிங்கில் ஒரே ஒரு சாதனத்துக்கு மட்டும் பேரம் பேசாதீர்கள். ஆர்சிசிபி. எம்சிபி என்பது கரண்ட் மிகுந்தால் தானே விழுந்து வயரைக் காப்பாற்றுவது, ஆர்சிசிபி என்பது ஆளைக் காப்பாற்றுவது. போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசப்பட்டால் அது நொடியின் ஒரு சிறு பகுதியில் அறுத்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் சுவர் ஓதம் ஏறி நிற்கிற ஊர் நம்முடையது. குளியலறை சுவிட்சில் விரல் வைத்தால் சுரீரென்கிற வீடுகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். 30 மில்லிஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள், மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும். எர்த்தும் ஒழுங்காக இருக்க வேண்டும். நம் வண்டல் களிமண்ணில் எர்த் நன்றாகவே பிடிக்கும். வேதாரண்யம் பக்கம் மணலும் உப்பும்தான் தொந்தரவு, அங்கே எர்த்துக்குப் புதைக்கிற ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சீக்கிரம் அரித்துப்போகும்.

கேவிஏ என்ற சொல் 2018 நவம்பரில் கஜா புயலுக்கு அப்புறம் டெல்டா முழுக்கப் புழக்கத்துக்கு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. தெருவுக்குத் தெரு வாடகை ஜெனரேட்டரை வைத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். 10 கேவிஏ ஜெனரேட்டர் வந்திருக்கிறது, மோட்டார் 5 எச்பிதானே, ஏன் திணறுகிறது என்று அப்போது பலரும் கேட்டார்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் அப்படியே பெருக்கினால் வருவது விஏ, 1,000 விஏ ஒரு கேவிஏ. அதில் உண்மையில் வேலையாக மாறுகிற பங்குதான் வாட். அந்தப் பங்குக்கு பவர் பேக்டர் என்று பெயர். 0.8 என்றால் 10 கேவிஏயில் 8 கிலோவாட்தான் வேலைக்கு ஆகும். மோட்டார் கிளம்புகிற நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். 10 கேவிஏ திணறியது அந்தக் கிளம்பும் நொடியில்தான்.

மோட்டாருக்குள் காந்தப்புலத்தை உண்டாக்க ஒரு பங்கு கரண்ட் போய்ப் போய்த் திரும்பி வருகிறது. அது தண்ணீர் இறைக்காது, நெல் அரைக்காது, ஆனால் கம்பியிலும் டிரான்ஸ்பார்மரிலும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு அரிசி மில்லில் 100 கிலோவாட் லோடு, பவர் பேக்டர் 0.75 என்று வையுங்கள். 133 கேவிஏ வேண்டும். அந்தக் காந்தப்புலக் கரண்டைப் பக்கத்திலிருந்தே கொடுக்கிற, மோட்டாருக்கு ஏற்ற கெப்பாசிட்டரை வைத்து 0.95-க்குக் கொண்டுவந்தால் 105 கேவிஏ போதும். உயர் அழுத்த இணைப்பு வாங்கியிருக்கும் மில்லுக்கு டிமாண்ட் கட்டணமே, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு தேவை என்பதற்கான கட்டணமே, கேவிஏ கணக்கில்தான் வருகிறது. பவர் பேக்டர் 0.90-க்குக் கீழே போனால் அபராதமும் சேரும். அங்கே கெப்பாசிட்டர் போட்ட காசு சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

ஆனால் வீட்டில் அப்படி இல்லை. வீட்டு மீட்டர் யூனிட்டை மட்டுமே எண்ணுகிறது, கேவிஏயை அல்ல. சந்தையிலும் டிவி விளம்பரத்திலும் "பிளக்கில் சொருகினால் கரண்ட் பில் பாதியாகும்" என்று ஒரு பவர் சேவர் டப்பா விற்கிறார்கள். அதற்குள் இருப்பது ஒரு சின்னக் கெப்பாசிட்டரும் ஒரு விளக்கும்தான். வீட்டு பில்லில் அது ஒரு ரூபாய்கூடக் குறைக்காது. தயவுசெய்து வாங்காதீர்கள். தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள், பென்ஷன் பணத்தில் இதை வாங்கிவைத்திருக்கிற பெரியவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இன்வெர்ட்டர் பேட்டரியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 150 ஏஎச் (ஆம்பியர்-மணி), 12 வோல்ட் என்றால் பெருக்கிப் பாருங்கள், 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். முழுக்க வடித்தால் பேட்டரி ஆயுள் குறையும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும். ஒன்றேகால் யூனிட் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பிஎல்டிசி பேன், நாலு எல்இடி விளக்கு என்றால் 130 வாட்டுக்குள் அடங்கும், ஒன்பது மணி நேரம் தாங்கும். பழைய பேன் என்றால் அதில் பாதி நேரம்கூடச் சந்தேகம். பெட்டியில் 900 விஏ என்று எழுதியிருந்தால் 900 வாட் என்று நம்பிவிடாதீர்கள், வாட் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

இனி ஏசி. டன் என்பது ஏசியின் எடையும் இல்லை, அது தின்னும் கரண்டும் இல்லை. அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றுகிற வேகம். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எந்த வேகத்தில் வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம், ஏறத்தாழ 3.5 கிலோவாட். ஒன்றரை டன் என்றால் 5.25 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். அதற்கு அது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைத்தான் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் சொல்கிறது. 5 என்றால், பருவம் முழுக்கச் சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஸ்டாரை மட்டும் பார்க்காதீர்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சில வருஷங்களுக்கு ஒருமுறை அளவுகோலை இறுக்குகிறது, அதனால் பழைய ஐந்து ஸ்டார் இன்றைக்கு ஐந்து இல்லாமல் இருக்கலாம். ஸ்டிக்கரில் எந்த வருஷத்து அளவுகோல் என்று இருக்கும், ஐ.எஸ்.இ.இ.ஆர். எண் இருக்கும், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்றும் இருக்கும். அந்த யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்ட கணக்கு. சித்திரையிலிருந்து புரட்டாசி வரை ராத்திரி எட்டு மணி நேரம் போடுகிற நம் ஊர் வீட்டுக்கு அது கிட்டத்தட்டப் பொருந்தும். 24 டிகிரியில் வைத்துப் பேனையும் மெதுவாகச் சுற்றவிடுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் 6 சதவீதம் சுமாராக மிச்சம் என்பது அந்தப் பணியகமே சொல்கிற கணக்கு.

நம் ஊர் வெயிலில் வெப்பத்தோடு ஈரமும் இருக்கிறது. காற்றின் சூட்டைக் குறைப்பது ஏசிக்கு ஒரு வேலை, காற்றிலிருக்கும் ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே சொட்டவிடுவது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையும் மின்சாரம் கேட்கும். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு வழியாக ஈரக்காற்று வந்துகொண்டே இருந்தால் ஏசி ஓய்வே எடுக்காது. ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்ச்சி தருகிறது. ஏற்கெனவே ஈரமான காற்றில் தண்ணீர் ஆவியாகாது, புழுக்கம்தான் கூடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக்குக் கூலர் வேண்டவே வேண்டாம்.

சரி, இப்போது மொட்டைமாடிக்கு வருவோம். யூ-வேல்யூ என்று உங்கள் இன்ஜினியர் சொன்னது இதுதான்: கூரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கும்? எண் சின்னதாக இருக்க இருக்க நல்லது. அதைத் தலைகீழாக்கினால் ஆர்-வேல்யூ, வெப்பத்துக்கு எவ்வளவு தடை என்பது. அது பெரிதாக இருக்க வேண்டும். ஆறு அங்குல வெறும் கான்கிரீட் தளத்தின் யூ-வேல்யூ ஏறத்தாழ 4. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு பக்கம் பூசியது 2 சுமார்.

உங்கள் படுக்கையறை 120 சதுர அடி, அதாவது 11 சதுர மீட்டர். சித்திரை வெயிலில் மதியம் மொட்டைமாடியில் வெறுங்காலை வைக்க முடிவதில்லை. உள்ளே ஏசி போட்டு 27, 28 டிகிரி. வித்தியாசம் 25 டிகிரி என்று வையுங்கள். 11-ஐ 4-ஆல் பெருக்கி 25-ஆல் பெருக்கினால் 1,100 வாட். கூரை வழியாக மட்டும் இவ்வளவு வெப்பம் அறைக்குள் இறங்குகிறது. ஒரு டன் ஏசியின் திறனில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூரைக்கே போய்விடுகிறது. அதே தளத்தின் மேல் இரண்டு அங்குலம் எக்ஸ்.பி.எஸ். ஷீட்டோ பஃப்போ (இரண்டும் வெப்பத்தைத் தடுக்கும் நுரைப் பொருள்) போட்டால் யூ-வேல்யூ 0.5-க்குப் பக்கத்தில் வரும். அதே கணக்கு இப்போது 140 வாட். ஒன்றரை டன் சொன்ன அறைக்கு ஒரு டன் போதும். ஏசியே இல்லாத அறைகளிலும் பேன் காற்று அனலாக இறங்காது. ஏசி குளிரவைப்பது ஒரு அறையைத்தான், கூரையில் போட்ட பணம் வீடு முழுக்கப் பலன் தரும், அடுக்களையில் நிற்கிற அம்மாவுக்கும் சேர்த்து.

கான்கிரீட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு மெதுவாக விடும். மதியம் ஏறிய சூடு உள்ளே வந்து சேர நாலைந்து மணி நேரம் ஆகும். பகலெல்லாம் சும்மா இருந்த வீடு ராத்திரி படுக்கிற நேரத்தில் வேகுவது இதனால்தான். சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுகிறோமே, அது இந்தச் சூட்டைப் பிடுங்குகிற வேலைதான். பழைய ஓட்டு வீடுகள் இப்படிச் செய்யாது. நாட்டு ஓட்டுக்கு எடை குறைவு, சூடு பிடித்தாலும் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும், இடுக்கு வழியாகக் காற்றும் போகும், முற்றம் வழியாகச் சூடான காற்று மேலே ஏறும். மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் தடிமனாக இருந்து வெப்பத்தை மட்டுப்படுத்தின. நாம் அதையெல்லாம் விட்டுவிட்டு ஆறு அங்குலக் கான்கிரீட்டை வெயிலுக்கு நேராகக் காட்டிவிட்டு ஏசி கடைக்குப் போகிறோம்.

செய்ய வேண்டியது மூன்று அடுக்கு. தளத்தின் மேல் முதலில் வாட்டர்ப்ரூஃபிங். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் உள்ளே இறங்கினால் இன்சுலேஷன் பயன் பெருமளவு போய்விடும், அதனால் இந்த அடுக்கை அவசரப்படுத்தாதீர்கள், தண்ணீர் கட்டிவைத்துச் சோதியுங்கள். அடுத்து இன்சுலேஷன் ஷீட், அதன்மேல் சரிவு கொடுத்து ஸ்க்ரீட், அதாவது சிமெண்ட் கலவை அடுக்கு. கடைசியாக வெள்ளைக் கூலிங் டைல்ஸ். வெள்ளைப் பரப்பு வெயிலின் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பிவிடும், சூடு ஏறுவதே குறையும். ஆனால் நம் மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். கறுத்த கூலிங் டைல்ஸ் சாதாரண டைல்ஸ்தான், மாசி பங்குனியில் தேய்த்துக் கழுவிவிடுங்கள். பணம் இறுக்கமாக இருந்தால் பழைய முறைப்படி செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் போட்டு மேலே வெள்ளை அடியுங்கள். இன்சுலேஷன் அளவுக்கு வராது, வெறும் கான்கிரீட்டுக்கு எவ்வளவோ மேல்.

2018-ல் மத்திய அரசு வீடுகளுக்கென்று எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரையின் யூ-வேல்யூ 1.2-க்கு மேல் போகக் கூடாது என்று அதில் இருக்கிறது. உங்கள் இன்ஜினியரிடம் இந்த எண்ணைச் சொல்லி, நம் கூரை எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள். கூரை தவிர சுவர், ஜன்னல் எல்லாவற்றின் வழியாகவும் உள்ளே வரும் வெப்பத்துக்கு ஆர்இடிவி என்று ஒரு கணக்கும் அதில் உண்டு. தரைத்தளம் மட்டும் உள்ள உங்கள் வீட்டுக்குக் கூரைதான் முக்கியம். அதற்கு அடுத்து மேற்குச் சுவர். அந்தப் பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்காதீர்கள், வைத்தால் ஆழமான சன்ஷேடு கொடுங்கள்.

சோலாருக்கு வருவோம். ஒரு கிலோவாட் பேனல் நம் பக்கம் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும், ஐப்பசி கார்த்திகை மேகத்தில் குறையும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 720. நிழல் விழாத இடம் 300 சதுர அடி வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். ஆனால் பேன், கூரை இரண்டையும் சரிசெய்த பிறகு ஒரு வருஷ பில்லைப் பார்த்துவிட்டு எத்தனை கிலோவாட் என்று முடிவுசெய்யுங்கள், தம்பி. 3 வேண்டியவருக்கு 2 போதும் என்று ஆகலாம். ஒரு விஷயத்தை விற்பவர்கள் சொல்வதில்லை: பேட்டரி இல்லாமல் இபி லைனோடு இணைந்து ஓடுகிற ஆன்-கிரிட் சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். புயலுக்கு உதவும் என்று நினைத்து வாங்காதீர்கள். கஜாவைப் பார்த்த ஊர் என்பதால் பேனல் ஸ்டாண்டை டைல்ஸ் மேல் சும்மா உட்காரவைக்க விடாதீர்கள், தளத்தோடு இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

அதனால் கூரை கான்கிரீட் போடுவதற்கு முன்னாலேயே சோலார் ஸ்டாண்டுக்கான கால்களின் இடத்தைக் குறித்து போல்ட்டை உள்ளேயே விட்டுவிடச் சொல்லுங்கள். பின்னால் துளை போட்டால் வாட்டர்ப்ரூஃபிங் கிழியும். மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை காலி பைப் ஒன்றும், தனி எர்த்துக்கு ஒரு பைப்பும் சுவர் பூசுவதற்கு முன் வைத்துவிடுங்கள். இப்போது ஆகிற செலவு பைப் விலை மட்டும்தான். சோலார் எப்போது வாங்கினாலும் சுவரை உடைக்க வேண்டியதில்லை.